ஆல்டர்ஷாவுக்கு அடுத்த மேனேஜர்

சனிக்கிழமை ஆல்டர்ஷா டவுன் கால்பந்து அணி தோற்றது. தோற்றதோடு நிற்காமல் லீக்கை விட்டே கீழே விழுந்தது. ஞாயிறு மதியம், கொட்டுகிற மழையில், கிளப்பின் சொந்தக்காரர்கள் எல்லோரும் மைதானத்தின் மேற்கு ஸ்டாண்டுக்கு அடியிலிருக்கும் பாரில் கூடிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் என்றால் கோட்டு சூட்டுப் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் ஓட்டியவர்கள், பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவர்கள், கூரைக்கு ஓடு மாற்றுகிறவர்கள். கடைசி முதலாளி கிளப்பை நட்டாற்றில் விட்டுப் போனபோது ஊரே சேர்ந்து அதை வாங்கிக்கொண்டது. அதனால் அணியைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கிற மேனேஜரை வைப்பதும் விரட்டுவதும் இவர்கள் கைதூக்கி முடிவு செய்கிற விஷயம். பழைய மேனேஜர் முந்தின நாளே பெட்டியைக் கட்டிவிட்டார்.

நோரா கதவோரத்து நாற்காலியில், மழைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் லென் ஹோவர்த். ஒரு காலத்தில் பதினாறு வருஷம் ஆல்டர்ஷாவின் தடுப்பாட்டத்துக்கு நடுவில் நின்றவர். வானத்திலிருந்து இறங்கும் எந்தப் பந்தும் லென் தலையைத் தாண்டிப் போகாது என்று இந்த ஊர் இன்னும் சத்தியம் செய்யும். உள்ளே நுழைந்ததிலிருந்து ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கேன்டீன்காரி பவுலீன் அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, கேட்காமலே இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் ஒன்றைச் சூடாகத் தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினாள். அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரு பீர் குடித்ததும் கூட்டிப் போய்விடலாம் என்பதுதான் நோராவின் கணக்கு.

"பேரி ஸ்லாட்டரியைக் கொண்டு வருவோம்," என்று கூரை வேலைக்காரன் கிரெய்க் கத்தினான். அவன் மெதுவாகப் பேசியதை ஊரில் யாரும் கேட்டதில்லை. "விழுந்த டீமைத் தூக்கி நிறுத்துறதுதான் அவர் தொழிலே."

"தூக்கி நிறுத்தினானா? போன ஆறு கிளப்புக்கும் சவப்பெட்டி செஞ்சு ஆணி அடிச்சவன்டா அவன்," என்றாள் பவுலீன்.

"அப்ப லேப்டாப்பும் கையுமா மேனேஜர் வேலை கேட்டு வந்தானே, அந்தப் பையனைக் கூப்பிடு. கோல் விழ எத்தனை பர்சன்ட் வாய்ப்புன்னு கணக்குப் போட்டுக் கொடுப்பான்."

"நம்ம ஃபார்வர்டுக்கு கோல்போஸ்ட் எந்தப் பக்கம்னே தெரியாது. இதுல பர்சன்ட் வேறயா?"

"கோல்கீப்பர் மட்டும் என்னவாம்? இந்த சீசன் முழுக்க அவனுக்குப் புடிச்சது சளி ஒண்ணுதான்."

சிரித்தார்கள். அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கிற சிரிப்பு அது. இரண்டு பேர் உண்மையிலேயே அழுது முகம் வீங்கித்தான் வந்திருந்தார்கள். மேனேஜர் யாராக இருந்தாலும் அடுத்த வருஷம் சேற்று மைதானங்களிலும் நாய் உலாத்துகிற பூங்காக்களிலும்தான் ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

தலைவர் ட்ரெவர் மேசையைத் தட்டினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், லென்னின் பழைய கூட்டாளி. "கொஞ்சம் வாயை மூடுறீங்களா? ஊர் ஊரா ஆள் தேடுறோமே, ஆளு இங்கயே உட்கார்ந்து பை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, கண்ணு தெரியலையா?"

எல்லாத் தலைகளும் கதவோரம் லென் பக்கம் திரும்பின. பிறகு சத்தத்தில் கூரை பிய்த்துக்கொண்டது. கிரெய்க் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நோரா கார் சாவியைத் தேடினாள்.

"மேனேஜர் ஐயா," என்றார் ட்ரெவர் லென்னிடம், "ஆகஸ்ட்ல முதல் மேட்ச். யார் யாரை இறக்குவீங்க? பதினோரு பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

லென் எழுந்து நின்றார். நின்றால் இப்போதும் ஆள் மலைதான். "கோல்ல மிக் ஃபேரல்," என்றார் நிதானமாக. "ரைட்ல டாமி க்ரூ. லெஃப்ட்ல பென்னட். நடுவுல நானும் வில்ஃபும்..."

மிக் ஃபேரலைப் புதைத்து ஏழு வருஷம் ஆகிறது. பென்னட்டுக்கு இரண்டு இடுப்பும் மாற்றியாயிற்று. அறை திகைத்தது. கிரெய்க்தான் முதலில் மேசையைக் குத்தினான். "செத்துப்போன மிக் ஃபேரல்கூட நேத்து நின்னவனை விட நல்லாப் புடிப்பான்! என்னமா நக்கல் பண்றாரு பாருங்கடா!" அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போதைய பிள்ளைகளை இதைவிடக் கேவலமாக யாரும் திட்ட முடியாது என்று மெச்சினார்கள்.

லென்னும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நோராவுக்குத் தெரியும். கேள்வி புரியாதபோது கடைகளில் சிரிக்கிற சிரிப்பு அது.

குளிர்காலத்தில்தான் டாக்டர் சொன்னார். பதினாறு வருஷம் பந்து மோதிய தலை, உள்ளே மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, ஞாபகம் இனி ஏறாது, இறங்கத்தான் செய்யும். காரில் திரும்பும்போது லென் அழவில்லை. தன்னோடு ஆடிய, இதே நோய் முன்பே வந்துவிட்ட வில்ஃப் டிரேகாட்டைப் பற்றித்தான் பேசினார். போன வருஷம் வில்ஃபைப் போர்வை போர்த்தி, சக்கர நாற்காலியில் வைத்து, இடைவேளையில் மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலாயிரம் பேர் எழுந்து கைதட்ட, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வில்ஃப் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேணா சொல்லித் திட்டட்டும், தாங்கிக்குவேன்," என்றார் லென். "அந்த மாதிரி கைதட்ட மட்டும் விட்டுடாத நோரா. யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு." பண்ணினாள்.

இப்போது ட்ரெவர் ஓட்டுக்குத் தயாரானார். நோரா எழுந்தாள். "அவருக்கு அதெல்லாம் வேண்டாம் ட்ரெவர். வீட்ல நிம்மதியா இருக்கட்டும்."

"யாரு வேண்டாம்னா?" என்றார் லென். "எனக்கு வேணும்."

கைதட்டல். "முழங்கால் சரியில்ல," என்றாள். "மேனேஜர் என்ன ஓடவா போறாரு?" என்றான் கிரெய்க். "வயசாச்சு," என்றாள். "ஹோவர்த் அம்மா, நீங்க வீட்ல ஆட்சி பண்ணுங்க, மைதானத்தை எங்ககிட்ட விட்டுடுங்க," என்றார் யாரோ, அதற்கும் சிரித்தார்கள். லென் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. அவரை அப்படிப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதுதான் அவளை இன்னும் வதைத்தது. இவர்கள் கையைத் தூக்கினால் ஜூலையில் பயிற்சி தொடங்கும். ஜூலை முடிவதற்குள் யாராவது ஒரு பொடியன் லென் தடுமாறுவதைச் செல்போனில் படம் பிடித்துவிடுவான். அப்புறம் போர்வையும் சக்கர நாற்காலியும் நாலாயிரம் பேரின் கைதட்டலும்தான்.

"சரி, லென் ஹோவர்த்துக்கு ஆதரவா இருக்கிறவங்க..." என்று தொடங்கினார் ட்ரெவர்.

"ரெட்மூர்க்காரங்க வீட்டுக்கு வந்தாங்க," என்றாள் நோரா.

உயர்ந்த கைகள் பாதியில் நின்றன. ரெட்மூர் ஆறு மைல் தள்ளி இருக்கிற ஊர், ஆல்டர்ஷாவின் பரம எதிரி. மனைவியை விட்டு ஓடினவனைக்கூட ஆல்டர்ஷா ஒரு நாள் மன்னித்துவிடும். ரெட்மூருக்குப் போனவனை மன்னிக்காது.

"லென்னைக் கேட்டாங்க. அடுத்த சீசன் அங்க வர்றேன்னு லென் கை குலுக்கிட்டார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இன்னிக்கு வந்தோம்." குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள். தனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

ட்ரெவரின் முகம் வெளுத்தது. "லென்? இவ சும்மா சொல்றா. பொய்னு சொல்லுடா."

லென் நோராவைப் பார்த்தார். குளிர்காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். காலையில் மாத்திரை போட்டாரா, தங்கைக்கு போன் செய்தாரா, எல்லாவற்றுக்கும் அவர் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் ஆமென்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை. இப்போதும் அதே பார்வைதான். அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"நோரா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் லென் மெல்ல. "நான்... செஞ்சிருப்பேன் ட்ரெவர்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பவுலீன் வந்து, அவர் பாதி தின்றிருந்த பைத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கிரெய்க் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் துப்பினான். "இதுக்கு நேத்தே செத்துத் தொலைஞ்சிருக்கலாம் நீ," என்றான். ட்ரெவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தார். அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் வெளியே வந்ததும் உள்ளே ஸ்லாட்டரியின் பெயரை யாரோ மறுபடி எடுத்தார்கள்.

காரில் லென் சீட் பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஏன் நோரா அப்படிச் செஞ்சேன்? ரெட்மூருக்கா? எனக்கு என்ன கேடு?"

உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அவரே இறங்கிப் போய் அவர்களிடம் சொல்லிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இதெல்லாம் மறந்துவிடும், நேற்றைய மேட்சையே மறந்தவர்தானே என்று தேற்றிக்கொண்டாள். "நடந்தது நடந்துபோச்சு லென்," என்று மட்டும் சொல்லி, பெல்ட்டை அவள் மாட்டிவிட்டாள்.

ஆனால் மறக்கவில்லை. தங்கை பெயர் போயிற்று. தெருப் பெயர் போயிற்று. கெட்டிலை எப்படிப் போடுவது என்பது போயிற்று. ஸ்லாட்டரி வந்ததும், அக்டோபரில் அவரையும் விரட்டியதும் அவர் காதில் ஏறவே இல்லை. கடையில் பார்த்தால் ட்ரெவர் எதிர் வரிசைக்குப் போய்விடுவார், அது யார் என்றும் லென்னுக்குத் தெரியாது. தினம் காலையில் எழுந்ததும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஊருக்குத் தான் செய்த துரோகத்தை மட்டும் நினைத்து நினைத்து அழுதார். அது பொய் லென், நான் சொன்ன பொய், என்று நோரா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். தலையில் நிற்பதில்லை.

நவம்பரில் ஒரு காலை அவள் டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார். "உங்களுக்குத் தெரியாது, நான் ரொம்ப மோசமான ஆளு. ரெட்மூருக்கு விலை போயிட்டேன்."

"அது பொய். நீ எங்கயும் போகல," என்றாள் நோரா.

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இல்லைங்க. என் பொண்டாட்டி சொன்னா. அவ பொய் சொல்ல மாட்டா."