கோபர் கேஸ் வந்த வருஷம்

முசரவாக்கத்தில் ஆதிகேசவன் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டி அள்ளுவது கங்கையம்மாளின் வேலை. அதற்குக் கூலி அந்தச் சாணம்தான். மாமியார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். வைக்கோலைப் போட்டுப் பிசைந்து சுவரில் வரட்டி தட்டிவிடுவாள். மழைக்காலம் முழுக்க அவள் அடுப்பு அதில்தான் எரியும். இந்த ஐப்பசியில் மகள் அன்னம்மாளும் பிள்ளை பெற்று வந்து படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் இல்லாமல் ஆகுமா?

எந்த ராஜா எந்தப் பட்டணம் போனால் என்ன என்று இருந்தவள் வீட்டுக்குள் சர்க்கார் அப்போதுதான் நுழைந்தது. கோபர் கேஸ் என்று ஒரு திட்டம். சாணத்தைத் தொட்டியில் கரைத்து ஊற்றினால் குழாயில் காற்று வந்து அடுப்பு எரியுமாம். ஐந்து மாடு வைத்திருப்பவனுக்கு மானியம். அள்ளுகிறவளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ஒன்றியத்துக்கு இத்தனை தொட்டி என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. ஒன்றியத் தலைவருக்கு வேண்டியவர் ஆதிகேசவன். முதல் தொட்டி அவர் வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ந்தது.

"இனிமே சாணம் தொட்டிக்குத்தாம்மா. நீயே கரைச்சு ஊத்திடு. நெல்லு ஏதாச்சும் தர்றேன்," என்றார்.

திறப்பு விழா நெருங்கியும் தொட்டி நிறையவில்லை. அவள் சுவரில் ஈரமாக இருந்த வரட்டியையும் பெயர்த்துக்கொண்டு வரச் சொன்னார். சாணம் சாணம்தானே என்று இருவருமே நினைத்தார்கள். வைக்கோல் உள்ளே ஊறி மிதந்து, காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டது.

விழாவன்று ஒன்றியத் தலைவர் குழாயைத் திருகினார். அடுப்பு எரியவில்லை. கூட வந்த அதிகாரி மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அடுப்புக்குள் வைத்துக் கொளுத்தினார். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கங்கையம்மாளும் தட்டினாள்.

மறுநாள் ஆதிகேசவனிடம் கேட்டுப் பார்த்தாள். "அது எரியலிங்களே. சாணத்த நான் எடுத்துக்கினு போவட்டுங்களா? பொண்ணுக்கு வெந்நி வெக்கணும்."

"பாக்க வர்றவங்களுக்குத் தொட்டி நெறைஞ்சிருக்கணும்மா. இல்லாட்டி மானியத்த திருப்பிக் கேப்பாங்க."

கோபம் வரவேண்டிய நேரம்தான். வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. "சரிங்க," என்றாள்.

கொட்டகையைக் கூட்டினாள். அள்ளினதைக் கரைத்து எரியாத தொட்டியில் ஊற்றினாள். வீட்டுக்கு வந்து, கூரையிலிருந்து கை நிறைய ஓலையை உருவி அடுப்பில் வைத்தாள். வெந்நீர் கொதிக்கும்போது, ஓலை உருவின இடத்தில் மழை ஒழுக ஆரம்பித்தது.