போகாத கை

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இதில் யாருக்கும் கை போகவில்லை. அதனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டாம். கை போகாமல் இருந்ததுதான் அந்தக் குடும்பத்துக்கு வந்த வினையே.

அண்ணனிடம் டிராக்டர் இருந்தது. தங்கையைக் கட்டியவனுக்கு இரும்பின் நெளிவு சுளிவு தெரியும். மாட்டுப் பண்ணைகளுக்குத் தீவனம் வெட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்று மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்தார்கள். டிராக்டர் அண்ணனுடையது. அதன் பின்னால் மாட்டுகிற தீவன வெட்டு மெஷின் மாப்பிள்ளையுடையது. நடுவில் அவள், அண்ணனுக்குத் தங்கையாகவும் மாப்பிள்ளைக்குப் பெண்டாட்டியாகவும்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கிற மக்காச்சோளத் தட்டையை அது வாயால் கவ்வும். இரண்டு உருளைகள் தட்டையை அமுக்கி உள்ளே தள்ளும். உள்ளே ஒரு கனத்த டிரம், அதைச் சுற்றிலும் கத்திகள். கண் மூடித் திறப்பதற்குள் தட்டை தூளாகி, வளைந்த குழாய் வழியாகப் பக்கத்தில் வரும் டிரெய்லரில் போய்க் கொட்டும். இத்தனைக்கும் ஓட்டம் கொடுப்பது டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து வருகிற ஒரு ஷாஃப்ட். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிவர் உண்டு. தூக்கினால் ஷாஃப்ட் சுற்றும், இறக்கினால் ஓட்டம் அறுந்துவிடும். ஆனால் டிரம் உடனே நிற்காது. இன்ஜினை அணைத்த பிறகும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், கோபம் தணியாத மாமியார் மாதிரி.

அவள் கணவனுக்கு இது நன்றாகத் தெரியும். தட்டை அடைத்துக்கொண்டால் அவன் செய்வது எப்போதும் ஒரே மாதிரிதான். லிவரை இறக்குவான். இன்ஜினை அணைப்பான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். பிறகு மெஷினருகே போய்க் காதைக் கொடுத்து நிற்பான். டிரம்மின் முனகல் அடங்கிய பிறகுதான் மூடியைத் திறப்பான். கையை விடுகிறவனிடம்தான் சாவி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய சட்டம்.

தினமும் காலையில் கிரீஸ் டப்பாவோடு மெஷினுக்கு அடியில் கிடப்பான் என்பதால் அண்ணன் அவனுக்குக் ‘கிரீஸ் மாப்ள’ என்று பெயர் வைத்திருந்தான். அவனும் சிரித்துக்கொள்வான். சிரிக்க முடியாமல் போனது சாவி விஷயத்தில்தான்.

“எங்க வீட்டுப் பொண்ணையே நம்பிக் குடுத்திருக்கோம். இவர் ஒரு சாவிய என்கிட்ட விட்டு வைக்க மாட்டேங்கறாரு!” என்று அண்ணன் பண்ணைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அண்ணன் சிரிப்பில் மட்டும் சிரிப்பு இருக்காது. சொந்த வண்டியின் சீட்டில் சாவி இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்கு, பந்தியில் உட்கார வைத்து இலை போடாத மாதிரி இருந்தது.

“உங்கள நம்பாம இல்ல மச்சான். யாரையும் நம்பாம இருக்கறதுதான் இதுல பாதுகாப்பு” என்பான் கணவன். அதைவிட மோசமாக அதைச் சொல்லவே முடியாது. ஆனால் அவனுக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

டிராக்டர் வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்று போதும், இன்னொன்றை உடைத்துப் போட்டுவிடலாம் என்றான் கணவன். “அது எங்கயோ தொலைஞ்சு போச்சு மாப்ள” என்றான் அண்ணன். தொலைந்ததை யார் உடைப்பது? பேச்சு அத்தோடு நின்றது.

அன்றைக்கு முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. ஈரத்தட்டை. அரை வயல்கூட வெட்டவில்லை, மெஷின் அடைத்துக்கொண்டது. கணவன் தன் வழக்கப்படி எல்லாம் செய்தான். மூடியைத் திறந்து, அடைத்திருந்ததைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டான். ஒரு கத்தி லேசாக வளைந்திருந்தது. அதன் நட்டைக் கழற்ற ஸ்பானரோடு முழங்கை வரை கையை உள்ளே விட்டான்.

அவள் டிரெய்லர் மேல் நின்று கொட்டிக் கிடந்த தூளைச் சமன் செய்துகொண்டிருந்தாள். அந்த உயரத்திலிருந்து இருவருமே தெரிந்தார்கள். குனிந்திருந்த கணவனின் முதுகு, சீட்டில் இருந்த அண்ணனின் முதுகு. அவர்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் குழாயும் தகரமும் மறைத்தன.

பண்ணைக்காரர் பைக்கில் வந்து வரப்பில் நிறுத்தினார்.

“என்னப்பா, மாடெல்லாம் தொட்டிய நக்கிட்டு நிக்குது. நீ மகாராஜா மாதிரி உக்காந்திருக்க?”

“அடைச்சுக்கிச்சுங்க. இப்ப ஆயிடும்.”

“உன் மாப்ள எங்க?”

“கிரீஸ் டப்பாவத் தேடிப் போயிருப்பாரு. வேற எங்க போவாரு?”

“அப்ப நீயே எடேன். உன் வண்டிதான?”

அந்தக் கடைசி இரண்டு சொல்தான். அண்ணன் இடுப்பைத் தடவி எதையோ எடுப்பதை அவள் பார்த்தாள். போன் என்று நினைத்தாள். சாவிதான் கணவனின் சட்டைப்பையில் இருக்கிறதே என்ற தைரியம். அந்தத் தைரியத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை.

அதே நேரம் கணவனின் கழுத்தில் ஓர் ஈ கடித்தது. ஸ்பானரை நட்டிலேயே விட்டுவிட்டு, கையை வெளியே எடுத்து, கழுத்தில் பட்டென்று அடித்தான்.

இன்ஜின் உறுமியது. லிவர் ஏறியது. உள்ளே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். உடைந்த கத்தித் துண்டு ஒன்று திறந்திருந்த மூடி வழியாகச் சீறிக்கொண்டு போய்ச் சோளத்துக்குள் விழுந்தது. அண்ணன் பயந்து இன்ஜினை அணைத்தான். டிரம் மட்டும் கடகடவென்று ஆடி ஆடிச் சுற்றி ஓய்ந்தது.

அண்ணன் குதித்து ஓடி வந்தான். முதலில் மெஷினைத்தான் பார்த்தான்.

“ஐயய்யோ, கத்தியெல்லாம் போச்சே! யாருய்யா உள்ள ஸ்பானர விட்டது?”

கணவன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டிரெய்லரிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

“சாவி ஏதுண்ணா?” என்றாள்.

“என்ன சாவி?”

“இப்ப ஸ்டார்ட் பண்ணினியே, அந்தச் சாவி.”

“சாவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூ டிரைவர வச்சுத் திருகினேன்.” சொல்லிக்கொண்டே கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோய்ச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

பண்ணைக்காரர் தலையை ஆட்டினார். “தொழில் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. சாமான உள்ள விட்டுட்டுப் போலாமா தம்பி?” என்றார் கணவனிடம்.

சாயங்காலம் அம்மா வீட்டில் பேச்சு. அம்மா, அண்ணனோடு இருக்கிறவள். சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அண்ணன் கத்தியைப் பற்றியும், நின்றுபோன வேலையைப் பற்றியும் சொன்னான். அவளோ கணவனின் கையைப் பற்றிச் சொன்னாள்.

“முழங்கை வரைக்கும் உள்ள இருந்துச்சும்மா. ஒரு ஈ கடிக்கலைன்னா இன்னைக்கு இந்த மனுஷன் இப்படி உக்காந்திருக்க மாட்டாரு.”

“அதான் ஒண்ணும் ஆகலையே. ஆகாத ஒண்ணுக்கு ஏன்டி இத்தனை ஆர்ப்பாட்டம்?”

“ஆகியிருந்தா?”

“ஆகியிருந்தா அப்ப பேசு. நாக்குல நல்லதா வராதா உனக்கு?”

அண்ணன் கணவனைப் பார்த்தான். “நீங்களே சொல்லுங்க மாப்ள. கை உள்ளயா இருந்துச்சு?”

வீடே அவன் வாயைப் பார்த்தது. கணவன் தரையைப் பார்த்தான்.

“நான் தள்ளித்தான் நின்னேன் மச்சான்.”

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வழக்கு முடிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தெருவிளக்குக்குக் கீழே வந்ததும் நின்றாள்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“உனக்கு இருக்கறது ஒரே அண்ணன்.”

“எனக்கு இருக்கறது ஒரே புருஷனும்தான். உங்களுக்கு இருக்கறது ரெண்டே கை. எதுல மிச்சம் இருக்குன்னு விட்டுக்குடுக்கறீங்க?”

அவளுக்கு அண்ணன் மேல் இருந்த கோபத்தைவிட அப்போது கணவன் மேல்தான் அதிகக் கோபம் இருந்தது. அவளுக்கும் அண்ணனுக்கும் உள்ள உறவைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான் என்பது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கசந்தது. நல்ல மனசோடு செய்த காரியத்தைத் திட்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

விடிந்ததும் அவளே சொன்னாள். “அந்த ரெண்டாவது சாவி கைக்கு வரட்டும், சேர்ந்து வேலை செய்யலாம். இல்லன்னா மெஷினக் கழட்டிடுங்க.”

அண்ணன் வீட்டுக் கொட்டகையில் டிராக்டரும் மெஷினும் மாட்டியபடியே நின்றன. அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

“கழட்டறதுன்னா கழட்டிக்கோங்க. யார் வேணாம்னது?”

கணவன் மெஷினின் முட்டுக்காலை இறக்கி அடியில் பலகை வைத்தான். அடுத்து ஷாஃப்டை உருவ வேண்டும், பிறகு மூன்று பின்களைத் தட்டிக் கழற்ற வேண்டும். எல்லாமே டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று செய்கிற வேலை. டிராக்டர் ஒரு சாண் பின்னால் வந்தாலும் நடுவில் நிற்பவன் நசுங்குவான்.

“இறங்குண்ணா” என்றாள் அவள்.

“எதுக்கு?”

“அவர் நடுவுல போகணும்.”

“போகட்டும். நான் என்ன கழுத்தையா பிடிச்சிருக்கேன்?”

“நீ இறங்கினாத்தான் போவாரு.”

“என் வண்டியில நான் உக்காரக் கூடாதா? உன் புருஷனே தள்ளித்தான் நின்னேன்னு சொல்லிட்டாரு. உனக்கு மட்டும் என்னடி குடையுது?”

கணவன் சுத்தியலைக் கீழே வைத்தான். கண்ணை உயர்த்தி, முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்தான்.

“உள்ளதான் இருந்துச்சு மச்சான்.”

அண்ணனின் முகம் ஒரு கணம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவன் இறங்கி வந்திருந்தால், ஒரு வார்த்தை, “தெரியாம செஞ்சுட்டேன் மாப்ள” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் எல்லாவற்றையும் மறந்திருப்பாள். வெளுத்த முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“நேத்து ஏன் சொல்லல? நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?”

“நேத்து சொல்லியிருந்தா சாவியக் குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருக்க மாட்டேன்” என்றான் அண்ணன். இப்போது சாவி இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. “என் வண்டிச் சாவிய உன் சட்டப் பையில வச்சுக்கிட்டு நான் கூலிக்காரன் மாதிரி உக்காரணுமா? போதும்யா. போதும்.”

சீட்டிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனான். அவள் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள், கணவன் வேலையை முடிக்கும் வரைக்கும். கைகளை ஸ்டியரிங்கைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கழன்று டிராக்டர் தனியாகவும் மெஷின் தனியாகவும் நின்ற பிறகு கிட்டே வந்தாள்.

“கை போயிருந்தாக்கூட உன் அண்ணன்தான்டி ஓடி வந்து தூக்கியிருப்பான். காலம் பூரா உங்களுக்குச் சோறு போட்டிருப்பான். அவன் மனசு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. அதுக்காகக் கையக் குடுக்க முடியாதில்ல.”

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெஷினை வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். டிராக்டர் இல்லாத மெஷின் வெறும் இரும்பு. அதை விற்றுவிட்டுக் கணவன் ஒரு பட்டறையில் மற்றவர்களுடைய கத்திகளுக்குச் சாணை பிடிக்கப் போனான். ஒரு ஸ்பானருக்காக அண்ணனும் தங்கையும் பிரிந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கை போயிருந்தால் அனுதாபமாவது கிடைத்திருக்கும். போகாத கைக்கு யார் வந்து அழுவார்கள்? பட்டறையில்கூட ஒருவன் கேட்டானாம், “என்னண்ணே, பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டு மச்சான விட்டுட்டீங்களாமே?” கணவன் சிரித்து வைத்தானாம். வீட்டில் வந்து சொன்னபோது அந்தச் சிரிப்பு இல்லை.

அண்ணன் வேறொரு மெஷினைக் கடனில் எடுத்துவிட்டான். வழியில் அவளைப் பார்த்தால் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போவான்.

ஒரு நாள் அம்மா, மகனுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“அண்ணன்கூட மெஷின்ல இப்ப யாரும்மா வேலை செய்யறது?”

“ஒரு பையன். புதுசாக் கல்யாணம் ஆனவன். நல்ல சுறுசுறுப்பு.” அம்மாவின் குரலில் மகிழ்ச்சி வந்தது. “உன் புருஷன் மாதிரி இல்ல. சாவி கீவின்னு ஒண்ணும் கேக்கறதில்லையாம். அடைச்சா உன் அண்ணன் வண்டிய நிறுத்தறதுக்குள்ள குதிச்சுப் போய்க் கைய விட்டுடறானாம். உன் அண்ணனுக்கு இப்பத்தான் நிம்மதி.”

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்தப் பையன் வீடு எங்கம்மா இருக்கு?”

“எதுக்குடி?”

“சும்மாதான் சொல்லேன்.”

“வேணாம்டி. இருக்கறத நீ கெடுக்காத” என்றாள் அம்மா.

“அவன் பொண்டாட்டி பேராவது சொல்லும்மா” என்றாள் அவள். போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது.