வஞ்சிரங்களுக்குப் பிடித்த பீடை

எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு வஞ்சிரங்கள் என்று பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வஞ்சிரத்துக்கு விலை உண்டு, வேகம் உண்டு, வலையில் மாட்டிய பிறகும் கையைக் கிழிக்கிற பல் உண்டு. எங்கள் பையன்களிடம் இதில் எது இருக்கிறது? நேற்றுப் பிடித்து இன்றைக்கும் விலைபோகாத மத்தி என்று வைத்திருந்தால் கூமானாவில் ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டோம்.

ஆனாலும் அக்டோபர் பிறந்தால் நான் ஏமாறத் தயாராகிவிடுவேன். படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கிற கடை எனக்கு. ஸ்பார்க் பிளக் வாங்க வருகிற மீனவன், "எவாரிஸ்தோ அண்ணே, இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டால், இந்த வருஷம் ஜனவரி பார்த்துவிடுவோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். டிசம்பர் கடைசியில் பட்டியலின் மேல்பாதியில் இருக்கிற அணிகளுக்குத்தான் ஜனவரியில் ஆட்டம். மற்றவர்கள் மட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வஞ்சிரங்கள் ஜனவரியில் ஆடிப் பதினொரு வருஷம் ஆகிறது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் இப்போது சிலேயில் பல் வைத்தியம் பார்க்கிறாள். எனக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது. சாவதற்குள் இன்னும் ஒரே ஒரு ஜனவரி.

இந்த வருஷம் அதற்கும் ஆரம்பத்திலேயே மண் விழுந்தது. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று ஈயைக்கூட விடாமல் பிடித்த பையன் ஒருவன் இருந்தான். அணியின் முதலாளி அவனை மெக்சிகோக்காரர்களுக்கு விற்றுவிட்டு, வந்த காசில் ஸ்டேடியத்தில் தான் உட்காரும் அறைக்கு ஏசி மாட்டிக்கொண்டார். பயிற்சியாளர் சூரியகாந்தி விதை கொறிப்பதற்கென்றே சம்பளம் வாங்கினார். பந்து எறிகிற முதல் பிட்சர் லிசாந்த்ரோ தோள்வலிக்காரன், போதாக்குறைக்குத் தர்மப்பிரபு. பந்தை நேராக எறிவது பாவம் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இப்படியும் அப்படியும் எறிந்து, எதிரணிக்காரர்களை வரிசையாகச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தான். நவம்பர் நடுவில் ஒன்பது ஆட்டம் தொடர்ந்து தோற்றுப் பட்டியலில் கடைசியில் கிடந்தோம். எங்களுக்குக் கீழே காகிதத்தின் ஓரம்தான் இருந்தது.

ஒன்பதாவது தோல்வியன்று ஸ்டேடியத்துக்கு எதிரே சோள ரொட்டி சுடுகிற அரேப்பாக் கடையில் எங்கள் ரசிகர் கோஷ்டி விசாரணைக் கமிஷன் வைத்தது. மூன்றாம் பேஸ் பக்கம், கடைசி வரிசை எங்களுடையது. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். தலைவர் நிக்கோமேதெஸ். மத்தி டின் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன், என் மகளுக்கு ஞானத்தகப்பன், தெரியாத விஷயமே இல்லாதவன். அடுத்தது மருந்துக்கடை மைகுவாலிதா. எங்கள் கோஷ்டியின் முரசு அவள் கையில்தான். நாங்கள் தோற்கும்போதும் அதை அடிக்கிற தைரியம் அவளுக்கு மட்டும் உண்டு.

விசாரணையில் விற்றுப்போன பையனைப் பற்றிப் பேச்சு இல்லை. லிசாந்த்ரோவின் தர்மத்தைப் பற்றியும் இல்லை. பேச்சு முழுக்கப் பீடையைப் பற்றித்தான். ரசனையில்லாத அலங்காரப் பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதோடு பீடையும் வரும், அந்த வீட்டு ஆளின் முதுகில் ஏறிக்கொண்டு வெளியே கிளம்பும், அவன் போகிற இடமெல்லாம் விளங்காமல் போகும். பூசைக்கு வராதவன்கூட எங்கள் ஊரில் இதை நம்புவான். நானும் நம்புகிறவன்தான். நம் கோஷ்டியில் யாரோ ஒருவர் மேல் ஏறியிருக்கிறது, வீடு வீடாகப் பார்த்துவிடுவோம் என்று நிக்கோமேதெஸ் தீர்மானித்தபோது முதலில் கைதூக்கியவனும் நான்தான்.

என் வீட்டு வாசலைத் தாண்டியதும் நிக்கோமேதெஸ் அப்படியே நின்றுவிட்டான். கூடத்தில் கடல் சிப்பிகளை ஒட்டிச் செய்த அன்னம் ஒன்று இருந்தது. வயிற்றுக்குள் சிவப்பு பல்பு எரியும். என் மாமியார் மார்கரீத்தா தீவிலிருந்து வாங்கி வந்தது. நிக்கோமேதெஸ் பீடை ஒட்டாமலிருக்க மரக்கதவைத் தொட்டுக்கொண்டு, அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைகுவாலிதா சிலுவை போட்டுக்கொண்டாள்.

என் பெண்டாட்டி சொராய்தா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அந்த அன்னம் பதினாறு வருஷமா அங்கதான் உட்கார்ந்திருக்கு. பந்த நேரா எறியத் தெரியாதவன் வீட்ல போய்ச் சோதனை போடுங்க" என்றாள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அன்றே அன்னம் அவள் தங்கை வீட்டுக்குக் குடிபோனது. அடுத்த ஆட்டத்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் பதினொரு ரன் வாங்கித் தோற்றோம்.

அன்னம் போயும் பீடை போகவில்லை என்றால் அது ஆள் மேலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். யாரும் என்னை வெட்டிவிடவில்லை. நிக்கோமேதெஸ் தோளில் கைபோட்டுத்தான் பேசினான்.

"உன்னை வராதன்னு சொல்லல மச்சான். வா. ஆனா அந்தப் பக்கம் போய் உட்காரு. எந்த ஊர்க்காரன் வர்றானோ அவன் தொப்பியப் போட்டுக்க. அவனுக்காகக் கத்து. மனசாரக் கத்தணும். நடிச்சன்னு வை, பீடை கண்டுபிடிச்சிடும்."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"ஜனவரி வரைக்கும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும். மறுநாளே சந்தையில் போய் எதிரணித் தொப்பி வாங்கினேன். கூமானாவில் பிறந்து வளர்ந்தவன் அதைக் கேட்டு வாங்குவதைவிடப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வேறு எதையாவது வாங்கப் போகலாம், மானம் அவ்வளவு போகாது.

முதல் நாள் முதல் பேஸ் பக்கத்துக் கூட்டத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்கார்ந்து அவர்களுக்காகக் கத்தினேன். எங்கள் பையன் யோனாய்கர் ஹோம் ரன் அடித்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் முதுகைத் தட்டி, இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். அன்றைக்கு ஜெயித்தோம்.

அடுத்ததும் ஜெயித்தோம். அதற்கடுத்தது, பிறகு இன்னொன்று. லிசாந்த்ரோவின் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. எங்களுக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மீன் சந்தையில் என்னைக் கண்டால் வழிவிட்டார்கள். பஸ் ஓட்டுகிற பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, மறந்துபோய் இந்தப் பக்கம் உட்கார்ந்துடாதீங்க" என்றான். பொய் சொல்வானேன், பெருமையாக இருந்தது. மட்டையைத் தொடாமல், பந்தை எறியாமல், சும்மா உட்கார்ந்தே ஒரு அணியைத் தூக்கி நிறுத்திய ஆள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வலித்ததும் உண்டு. ஆறாவது வெற்றியன்று எதிர்ப்பக்கத்தில் மைகுவாலிதா முரசு அடிக்க என் கோஷ்டி முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. நான் இழவு வீட்டு முகங்களுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்காமல் கையை உயர்த்தி ஆட்டினேன். நிக்கோமேதெஸ் என்னைப் பார்த்தான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதிலுக்குக் கையாட்டினால் பீடை மைதானத்தைத் தாண்டி வந்துவிடும் அல்லவா. அது எனக்குப் புரிந்தது. தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

டிசம்பர் கடைசி ஞாயிறு பிற்பகல், மத்தூரின் என்கிற ஊரிலிருந்து நாரைகள் என்ற அணிக்காரர்கள் வந்தார்கள். மேல்பாதியின் கடைசி இடத்துக்கு அவர்களும் நாங்களும் சமமாக நின்றோம். ஜெயித்தவனுக்கு ஜனவரி, தோற்றவனுக்கு வீடு. நாரைக்கும் மீனுக்கும் போட்டி என்றால் யார் பக்கம் பந்தயம் கட்டுவீர்கள் என்று வானொலிக்காரர்கள் காலையிலிருந்தே கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் நாரைத் தொப்பியோடு வலது பக்க மூலையில், தடுப்புச் சுவருக்கு மேலே முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வொல்ஃப்காங் என்று ஒரு மாட்டு வியாபாரி. மத்தூரினிலிருந்து மகன், மருமகளோடு வந்திருந்தான். நல்ல மனிதன். சுறா வைத்து மடித்துப் பொரித்த எம்பனாடாவைப் பிய்த்துப் பாதியை என் கையில் திணித்தான். எட்டாவது இன்னிங்ஸ் வரை எங்கள் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. அப்போது லிசாந்த்ரோவுக்குப் பழைய தர்ம குணம் திரும்பியது. மூன்று பேரைச் சும்மா பேஸுக்கு அனுப்பினான், நான்காமவன் அடித்தான், நாரைகள் ஒரு ரன் முன்னால் போனார்கள். பயிற்சியாளர் விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கள் கடைசி வாய்ப்பு. இரண்டு பேர் அவுட், இன்னொருவன் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் பேஸில். அடிக்க வந்தவன் யோனாய்கர். வொல்ஃப்காங் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வேண்டிக்கொண்டது வேறு, நான் வேண்டிக்கொண்டது வேறு.

அடித்தான். பந்து மேலே ஏறி நேராக என் பக்கம் வந்தது. இருபது வருஷமாகப் பந்து பார்க்கிறவன் நான், சுவரைத் தாண்டும் பந்து எதுவென்று எனக்குத் தெரியும். அது தாண்டுகிற பந்து, தாண்டினால் ஹோம் ரன். ஜனவரி என்னை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தொப்பியும் நினைவில்லை, பீடையும் நினைவில்லை. எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கீழே நாரைக்காரன் சுவரில் முதுகை இடித்து எம்பினான். பந்து அவன் கையுறைக்குள் இருந்தது.

வொல்ஃப்காங் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். அவன் மகன் என் தலையில் பீர் ஊற்றினான். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர்களும் சேர்ந்து அழுதார்கள். டிவிக்காரன் என் முகத்தை நாடு முழுக்கக் காட்டி, உண்மையான நாரை ரசிகன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டினானாம்.

வெளியே என் கோஷ்டி காத்திருந்தது. மைகுவாலிதா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பந்து காத்துல இருந்துச்சு மச்சான்" என்றான் நிக்கோமேதெஸ். குரலை உயர்த்தவே இல்லை. "தாண்டிப் போயிட்டிருந்துச்சு. நீ நமக்காகக் கத்தின. கீழ வந்துடுச்சு. உன் கத்தல் மூணாவது பேஸ் வரைக்கும் கேட்டுச்சு."

அடுத்த வருஷம் ஸ்டேடியம் பக்கமே வர வேண்டாம், வீட்டில் வானொலியும் போட வேண்டாம் என்றான். லிசாந்த்ரோ சும்மா அனுப்பிய மூன்று பேர் அதற்குள் எல்லார் நினைவிலிருந்தும் போய்விட்டார்கள். எதைச் சொல்லி மறுப்பது? கத்தியது உண்மை, பந்து இறங்கியதும் உண்மை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சொராய்தா போனை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "யோவ், அழுதது போதும். இத வந்து பாரு" என்றாள்.

டிவியில் காட்டிய கடைசிப் பந்தை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். நாரைக்காரன் எம்புகிறான், கையுறை பந்தை மூடுகிறது. அவன் தலைக்கு நேர் மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி. அவன் தரையில் விழுகிறான், எழுந்து பந்தைத் தூக்கிக் காட்டுகிறான். அப்போதுதான் நான் எழுந்திருக்கிறேன், அப்போதுதான் வாய் திறக்கிறது. இத்தனை நாள் வாயை மூடிப் பழகிப் பழகி, கத்தல்கூட எனக்குத் தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

"பந்து மாட்டினப்புறம்தான் நீ வாயத் தொறந்திருக்க. இத அந்த நிக்கோமேதெஸுக்கு அனுப்பு. மூஞ்சிய எங்க வச்சிக்கிறான்னு பாப்போம்."

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. இதை அனுப்பினால் போதும், அக்டோபரில் மூன்றாம் பேஸ் பக்கம் என் இடம் எனக்கு. முரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பையன்களுக்காக என் வாயால் கத்தலாம்.

அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. என் கத்தல் அந்தப் பந்தை இறக்கவில்லை என்றால், நான் எதிரணித் தொப்பி போட்டதில் எந்தப் பந்தும் ஏறியிருக்காது. அந்த வெற்றிகளெல்லாம் லிசாந்த்ரோவின் தோள்வலி சரியானதால் வந்தவை. அதற்கு முன்னால் இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியது? அதில் ஒரு சொல்கூட மைதானத்துக்குள் போய்ச் சேரவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போய், உட்கார்ந்து, எழுந்து, வீட்டுக்குத் திரும்பிய ஒரு ஆள். அவ்வளவுதான் நான்.

"அழிச்சிடு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ஊரே உன்னைத் திட்டிட்டிருக்கு."

"திட்டட்டும். கடைசில கெடந்த அணி மேல வந்தது யாராலன்னும் அதே ஊருக்குத் தெரியும்."

சொராய்தா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ இன்னிக்குத் தோத்தது?" என்று கேட்டாள்.

"அதுவும் நான்தான்" என்றேன்.