முப்பத்துமூன்றும் இருபதும்

1

இந்தக் கதை ஒரு ஹார்ன் சத்தத்தில் பிறந்தது. அடித்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சற்று எளிதாக இருக்கும்.

‘மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்…’

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நான் மலையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆண்டாள் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.)

2

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் இடத்தில் ஜெபாவின் பஞ்சர் கடை. காற்றுப் பிடிக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கார். ஓட்டிவந்தவன் பாண்டிதுரை, ராணுவத்தில் டிரைவர், லீவில் வந்திருக்கிறான். பின்சீட்டில் அவன் மனைவி சிவரஞ்சனி, மடியில் குழந்தை. இராஜபாளையத்தில் பிரசவ ஆபரேஷன் நடந்து ஆறு நாள். கூமாப்பட்டிக்குத் திரும்புகிறார்கள். (பெயர்கள் நான் வைத்தவை. வலியை நான் வைக்கவில்லை.)

“அக்கா, காத்த நானே எறக்கிட்டேன். நாலு டயர்லயும் ஒண்ணா இருபது இருக்கான்னு மட்டும் பாருங்க.”

“இருபதா? கதவோரம் முப்பத்திமூணுன்னு ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா தம்பி?”

“குலுங்காம மெத்துன்னு போகணும்க்கா. ராஜஸ்தான்ல நாங்க இப்படித்தான் ஓட்டுவோம்.”

“அங்க மணலு. இங்க தார் ரோடு. காத்து கொறைஞ்சா டயர் சூடேறி வெடிச்சிரும்.”

“விடுங்கக்கா, இவிய பாகிஸ்தானுக்கே வண்டி ஓட்டுன மாதிரி பேசுவாவ,” என்றாள் சிவரஞ்சனி. சிரிக்கப் போய், தையலைப் பிடித்துக்கொண்டாள்.

பாண்டிதுரையின் முகம் வாடியது. “சிரிக்கக்கூட முடியல, பாருங்க.”

டயரருகே குனிந்திருந்த ஜெபா எழுந்திருக்கவில்லை. “செத்த நேரம் பொறுங்க. அதுக்கு வேற வழி இருக்கு. நீங்க என்ன பண்ணணும்னா—”

3

அங்கேதான் ஹார்ன் அடித்தேன்.

“பின்னால பெரியவர் நிக்காருக்கா,” என்று பாண்டிதுரை பதறி வண்டியை எடுத்துவிட்டான். எனக்கு வழிவிடத்தான். இருபதோடு போய்விட்டான்.

“என்ன வழி சொல்ல வந்தீங்க?” என்று ஜெபாவிடம் கேட்டேன்.

“முப்பத்திமூணு பிடிச்சுட்டு, ஸ்பீடு பிரேக்கர்ல எறும்பு மாதிரி ஏறி எறங்கணும். அந்தப் பிள்ளைய வயித்துல தலகாணிய அணைச்சுக்கிடச் சொல்லணும். எனக்கும் ரெண்டு ஆபரேஷன் சார்.” அவள் கண் சாலையிலேயே இருந்தது. “உங்களுக்கு எம்புட்டு வைக்க?”

நடை திறந்துதான் இருந்தது. ஆண்டாளுக்கு முன்னால் கைகூப்பினேன். வாயில் வந்தது முப்பத்துமூன்று என்ற எண் மட்டும்.

4

அதன்பின் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வத்திராயிருப்பு வளைவில் பின்டயர்… (எழுத மாட்டேன். உள்ளே ஆறு நாள் குழந்தை.)

இரண்டு: நான் துரத்திப்போய் நிறுத்துகிறேன். (பொய். நான் போனது கோயிலுக்கு.)

ஆகவே உங்களை என் இருக்கையில் உட்காரவைக்கிறேன். நடை சாத்தப் பத்து நிமிடம் இருக்கிறது. முன்னால் ஜெபா டயரருகே குனிந்தபடி, “நீங்க என்ன பண்ணணும்னா—” என்கிறாள்.

உங்கள் கை ஹார்ன்மேல் இருக்கிறது.