ஆறாம் பாகத்தை ஆதரித்து நான் எழுதிய பொய்கள்

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களே கண்டுபிடித்து என்னை வைய வேண்டாம். ஒரு வீடியோ கேம் ரசிகர் குழுமத்தில், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒருவர் எழுதிய சில வரிகளிலிருந்து இதை எடுத்தேன். அந்த ஒருவர் என் அண்ணன். அந்த வரிகளை அவன் எனக்கு எழுதவில்லை. "சும்மா வந்தவன்" என்ற பெயரில் அங்கே உலவும் ஓர் ஆளுக்கு எழுதினான். சும்மா வந்தவன் நான்தான். அண்ணனுக்கு அது தெரியாது.

நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவள். எண் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. குறிப்பு, எச்சரிக்கை எல்லாம் நடு நடுவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், திரையின் நீல வெளிச்சம் அவன் முகத்தில்—"

(மழை பெய்யவில்லை. கதை என்றாலே ஏன் மழை பெய்கிறது என்று எனக்கு விளங்குவதேயில்லை.)

இரண்டாவது:

"அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் என்னோடு பேசியும்—"

(இது உண்மை. உண்மை என்பதாலேயே அதற்கு மேல் போக முடியவில்லை.)

சரி, விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதன் அசல் பெயரைச் சொன்னால் ரசிகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "கல்மகுடம்" என்று வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு ஆண்டுகளில் எட்டுப் பாகங்கள். வாள், மந்திரம், பேசும் கழுகு, சாபம் பிடித்த அரச குடும்பம். ஒவ்வொரு பாகத்திலும் நாம் ஒரு நாடோடியாகி, நாலைந்து பேரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும். ஒன்றை முடிக்க அறுபது மணி நேரமாவது ஆகும்.

குழுமத்தில் கருத்துக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் பாகத்தைக் குறை சொன்னால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஐந்தில் இசை மட்டும் தேறும். ஏழு நேற்று வந்தவர்களுக்கானது. எட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆறாம் பாகம் என்றால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில், "அந்தப் பாலத்தக் கட்டினவன் மட்டும் கைல கெடைக்கட்டும்!"

அந்தப் பாலம் உங்களுக்குப் புரிந்தாக வேண்டும். ஆட்டம் தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே, அடிபட்ட வைத்தியக்காரியை முதுகில் சுமந்துகொண்டு பனிப்பாலம் ஒன்றைக் கடக்க வேண்டும். நாற்பது நிமிடம். நடுவில் சேவ் செய்ய முடியாது, அதாவது அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்க முடியாது; நிறுத்தி வைக்கவும் முடியாது. நின்றால் அவள் செத்துப்போவாள். மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

முதல் இரண்டு பாகங்களை அண்ணனும் நானும் சேர்ந்தே ஆடினோம். பொத்தான்கள் அவன் கையில். வழியெல்லாம் வரைந்து வைத்த நோட்டு என் மடியில். பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும் அம்மா, "இந்த மந்திரவாதிக்கு வேற சட்டையே கெடையாதாடா? போன கேம்லயும் இதையேதான் மாட்டிட்டுத் திரிஞ்சான்" என்பாள். நான் கேட்ட முதல் ரசிகர் விமர்சனம் அதுதான். அதைவிட நல்லதொன்றை இன்றுவரை நான் படிக்கவில்லை.

3.

எச்சரிக்கை: இந்தப் பகுதியை நான் வேகமாக எழுதப்போகிறேன். நீங்களும் வேகமாகப் படித்துவிடுங்கள்.

ஆறாம் பாகம் வெளிவந்த அன்று அண்ணன் விடுப்பு எடுத்திருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. ஆண்டு முழுக்க விடுப்பே எடுக்காதவன். நான் வேறு ஊரில் இருந்தேன். முற்பகல் பதினோரு மணி வாக்கில், காதில் ஹெட்போனோடு அவன் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தபோது, அம்மா குளியலறையில் விழுந்தாள். பாலத்தைக் கடந்து எழுந்து போனபிறகே பார்த்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், பேசவேயில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தி இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். நான் அவனைப் பார்த்துச் சொன்னேன்: "அங்க அம்மா விழுந்து கெடக்கா. நீ இங்க பொம்மைய முதுகுல தூக்கிட்டு நடந்துட்டிருந்தியா?"

அவன் கையிலிருந்த தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனான். அதோடு சரி. போன் எண்ணை மாற்றிவிட்டான். இரண்டு தடவை வாசல்வரை போய் மணியடித்தேன். உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கடிதம் போட்டேன், பிரிக்காமலேயே திரும்பி வந்தது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டான் என்று சித்தி சொன்னாள். "யார்கிட்டயும் வாயத் தொறக்கறதில்லடி. அந்த கேம் ஆளுங்களோட மட்டும் ஏதோ டைப் அடிச்சிட்டே இருக்கான்."

4.

அப்படித்தான் குழுமத்துக்குள் நுழைந்தேன். அவனைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. "உப்புக்கல்" என்றொருவர், எட்டாம் பாகத்து மந்திரவாதிக்கு இன்னும் அதே சட்டைதானா என்று புலம்பியிருந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

முதலில் அவன் சொன்னதை ஆமோதித்து எழுதினேன். ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டான். இன்னொரு தடவை ஆமோதித்தேன். இன்னொரு விருப்பக்குறி. மூன்றாவது தடவை, வேறு வழியில்லாமல், "ஆறாம் பாகம்தான் இருக்கறதுலயே பெஸ்ட், அந்தப் பாலம் மாதிரி ஒண்ணு இனிமே யாராலயும் பண்ண முடியாது" என்று அடித்துவிட்டேன்.

நாற்பது வரி வந்தது! ஒவ்வொரு குறைக்கும் ஒரு புள்ளி வைத்துத் திட்டியிருந்தான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் நாற்பது வரி பேசியிருக்கிறான்.

அன்றிலிருந்து ஆறு மாதம் ஆறாம் பாகத்துக்காக வாதாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை முடித்ததேயில்லை. வாங்கினேன், ஆடினேன், பாலத்தில் கால் வைத்ததும் அணைத்துவிட்டேன். அக்கரையில் என்ன இருக்கிறது என்பதை மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் ஒப்பேற்றினேன்.

(குறிப்பு: அங்கே எல்லாரும் எல்லாருக்கும் ப்ரோ. ஒரு தடவை மட்டும் பழக்கதோஷத்தில் "இல்லண்ணா" என்று எழுதிவிட்டேன். "அண்ணான்னு கூப்பிடாதீங்க ப்ரோ, வேணாம்" என்று பதில் போட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.)

இந்தக் கதையிலேயே எனக்குச் சந்தேகமான பாத்திரம் சும்மா வந்தவன்தான். யாரவன்? கேட்டபோது கிடங்கில் வேலை என்றேன், இருபத்தேழு வயது என்றேன், பேச்சு தொடர வேண்டுமே என்று முதுகுவலி என்றும் சேர்த்துக்கொண்டேன். "ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காராதீங்க ப்ரோ" என்றான் அண்ணன். இரண்டு நாள் கழித்துத் தானாகவே கேட்டான்: "வலி எப்படி இருக்கு?"

எனக்கு அந்த முதுகுவலிக்காரன் மேல் பொறாமையாக இருந்தது. நானே உண்டாக்கிய ஆள். அவன் முதுகைப் பற்றி விசாரிக்க என் அண்ணன் இருக்கிறான்.

5.

போன மாதம் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சும்மா வந்தவன் வழியாக நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன். "அந்தப் பாலத்துல நடக்கறவன யாரும் குத்தம் சொல்ல முடியாது ப்ரோ. பக்கத்துல இடி விழுந்தாகூட அவனுக்குக் கேக்காது. கேக்காதது அவன் தப்பில்ல." இதை எழுத எனக்கு ஆறு மாதம் பிடித்திருக்கிறது. மன்னிப்பு கேட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது இது இருந்தது. எழுத்துப் பிசகாமல் தருகிறேன்:

"நல்ல மனசு ப்ரோ உங்களுக்கு. ஆனா கேக்கும். எனக்குக் கேட்டுச்சு.

பாதிப் பாலத்துல இருந்தேன். உள்ள ஏதோ விழுந்த சத்தம். பக்கெட்டா இருக்கும்னு நெனச்சேன். அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டேன். பதில் வரல. தண்ணி சத்தத்துல கேக்கல போலன்னு விட்டுட்டேன்.

இன்னும் இருபது நிமிஷம், அக்கரைக்குப் போயிட்டா சேவ் ஆயிடும், அப்பறம் போய்ப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். போனேன். சேவ் பண்ணேன். அதுக்கப்பறம்தான் எழுந்தேன்.

எல்லாரும் எனக்குக் கேக்கலன்னே நெனச்சிட்டிருக்காங்க. என் தங்கச்சியும்தான். அவ திட்டினான்னு நான் பேசாம இல்ல. அவ திட்டினது கம்மி. பேசினா எங்க இத சொல்லிடுவேனோன்னு பயம்.

ஆறாம் பாகத்தப் பத்தி இனிமே பேச வேணாம் ப்ரோ. நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டும்."

அதற்குக் கீழே பதினேழு பேர் "ஸாரி ப்ரோ" என்று போட்டிருந்தார்கள். ஒரு புண்ணியவான், "அந்த சேவ் ஃபைல் இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தான். ரசிகன் என்றால் ரசிகன்தான்.

6.

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. சும்மா வந்தவன் ஆறுதல் சொல்கிறான்: "உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சாலும் மன்னிச்சிடுவாங்க ப்ரோ." அடித்துவிட்டேன். என் சார்பில் மன்னிப்பு வழங்க இந்த முதுகுவலிக்காரன் யார்? மேலும், நான் மன்னித்தேனா? மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கோபம் வந்தது. இருபது நிமிடம்! இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அந்த இருபது நிமிடத்தை அவன் நான்கு ஆண்டுகளாகத் தனியாக வைத்துக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அப்புறம் கோபம் தங்கவில்லை.

முடிவு ஆ. நான் போய் மணியடிக்கிறேன். வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு அவன் கதவைத் திறக்கிறான். "என்ன?" என்கிறான். "சும்மா வந்தேன்" என்கிறேன். அவனுக்குப் புரிகிறது. (இந்த இடத்தில் நீங்கள் கண்கலங்குவீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அடித்தேன். அவன் யாரோ என்று நினைத்துச் சொன்னதை நான் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறேன் என்றல்லவா அந்த நொடியில் அவனுக்குப் புரியும்? அதற்குப் பிறகு எந்தக் கதவைத் திறப்பான்?)

முடிவு இ. சும்மா வந்தவன் காணாமல் போகிறான். எதுவும் நடக்காததுபோல் எல்லாரும்—

(இதை முடிக்கக்கூட மனசில்லை.)

7.

இந்தக் கதையில் ஒரு பகுதி குறைகிறது. இதுவரை ஐந்து தடவை திருத்தி எழுதிவிட்டேன், ஐந்து தடவையும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதினேன். அண்ணன் தன்னுடையதைச் சொல்லிவிட்டான். இனி என்னால் விட முடியாது.

அன்று காலை எட்டரைக்கு அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு நாளா தலைய சுத்துதுடி. எழுந்தா கண்ண இருட்டிக்கிட்டு வருது."

"டாக்டர்ட்ட போனியாம்மா?"

"நாளைக்குப் போறேன். அண்ணங்கிட்ட சொல்லிடாத. பாவம், இதுக்குன்னு லீவு போட்டுட்டு ஆசையா உக்காந்திருக்கான். சொன்னா அப்படியே போட்டுட்டு என்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவான்."

"சரி சரி, சாயங்காலம் பேசறேன்" என்றேன். ஒரு கையேடு அன்று அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. வைத்துவிட்டேன்.

நான் அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும், அவன் பாலத்தில் காலே வைத்திருக்க மாட்டான். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அவனைக் கேட்டேனே, அது அவன்மேல் வந்த கோபமே இல்லை. யாராவது, "உங்கிட்ட அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். முந்திக்கொண்டேன். என் அண்ணனை எல்லார் முன்னாலும் பலி கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

8.

இதையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்பத்தான் நேற்றுக் காலை உட்கார்ந்தேன். "உப்புக்கல்" என்ற பெயர் சாம்பல் நிறமாகியிருந்தது. கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டான். எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டான். நான் பிரதி எடுத்து வைத்திருந்த அந்தச் சில வரிகள் மட்டும்தான் மிச்சம்.

அவன் கதை படிக்கிறவன் இல்லை. கேமைப் பற்றி எதையாவது பார்த்தால் மட்டும் நின்று படிப்பான். அதற்காகத்தான் தலைப்பில் ஆறாம் பாகத்தை வைத்தேன். எந்தப் பத்திரிகை போடும், எவர் கைக்குப் போகும், எனக்குத் தெரியாது. உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிபார்க்க வந்தவர் அதிகம் பேசாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தப் பக்கங்களை அவர் கையில் கொடுங்கள். அவர் அவனாக இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

ஒன்றை மட்டும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஏழாம் பகுதியைப் படித்தால் அம்மாவைக் கைவிட்டது தான் மட்டுமில்லை என்று அவனுக்குத் தெரியும். அதோடு, தன் விளையாட்டு கெடக்கூடாது என்றுதான் அம்மா தலைசுற்றலை மறைத்தாள் என்பதும் தெரிந்துவிடும். முதலாவது அவனைத் தூக்கிவிடுமா, இரண்டாவது அவனை அடியோடு சாய்த்துவிடுமா? கையேட்டில் நான் எழுதுகிற எச்சரிக்கை எதுவும் இதற்கு உதவவில்லை.

வேண்டுமானால் அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். நான் எழுதிவிட்டேன். கிழிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.