மெதுவாக மிதித்தால் இறங்கும் பெடல்

1

இந்தக் கதை முட்டையிலிருந்து பிறந்தது. உருவகம் இல்லை, நிஜ முட்டை. புதுச்சத்திரத்திலிருந்து சேலம் திரும்பும் நெடுஞ்சாலையில், காரின் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனைவிக்கு நிரூபிக்க ஒருவன் ஓங்கி மிதித்தான். வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்த இரண்டு அட்டை முட்டைகள் நிற்கவில்லை. “பாத்தியா, எப்படி நிக்குது!” என்று அவன் பெருமையோடு திரும்பியபோது அவன் காதோரம் மஞ்சள்கரு வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஒருவன் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதத் தொடங்கினால் நாலாவது வரிக்குள் என்னை நல்லவனாக்கிவிடுவேன். பழக்கதோஷம். ஆகவே அவனுக்குச் செந்தமிழன் என்று பெயர் வைக்கிறேன். மனைவி பெயரை மாற்றவில்லை. அமுதவல்லி. மாற்றினால், “யாருங்க அவ?” என்று கேட்பாள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

“அமுதவல்லிக்குக் காரைப் பார்த்தாலே பயம்.”

நல்ல வரி. ஆனால் ஐந்து வருடமாக சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டிலிருந்து புதுச்சத்திரத்துக்கு யானை மாதிரி இருக்கும் அந்தக் காரை ஓட்டிப் போய், அண்ணனோடு சேர்ந்து கோழிப்பண்ணை நடத்துகிறவள் அவள். வீட்டில் வாய் திறந்து பாடாதவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் சத்தமாகப் பாடுவாள். பக்கத்தில் லாரிக்காரர் எட்டிப் பார்த்தாலும் நிறுத்தமாட்டாள். அப்படிப்பட்டவளை ஒரே வரியில் பயந்தாங்கொள்ளியாக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் வரைவு: “ஒரு நாள் சிக்னலில் அமுதவல்லி வெலவெலத்துப்போய்…”

(இதற்குமேல் வாக்கியம் போகவில்லை. இருக்கட்டும், அப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாம் வரைவில், அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

“ஏனுங்க, சிக்னல்ல நிக்கறப்ப பெடலு மெல்ல மெல்லக் கீழ போகுதுங்க. வண்டி முன்னால நகுருது.”

செந்தமிழன் போய் உட்கார்ந்தான். தெருமுனை வரை ஓட்டினான். ஓங்கி ஒரு மிதி. கல் மாதிரி நின்றது.

“எனக்கு ஒன்னும் ஆகலையே அம்மு.”

“எனக்கு ஆகுதுங்க.”

இந்த உரையாடல் ஒரு மாதம் நடந்தது. அதன் உச்சக்கட்டத்தில்தான் முட்டை. மறுநாள் காலை அவள் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு புதுச்சத்திரம் வழியாகப் போகும் நாமக்கல் பஸ்ஸில் ஏறிப் போனாள். இனி அவள் வண்டியைத் தொடுவாளா, மாட்டாளா? கதையில் அதுதான் கேள்வி. செந்தமிழனுக்கும் அதுதான் கேள்வி. கேட்டால், “பாக்கலாங்க” என்பாள்.

3

கார் மெக்கானிக் இஜாஸின் பட்டறை.

“என்ன சார் கம்ப்ளைண்ட்?”

“பெருசா ஒன்னும் இல்ல பாய். பிரேக்க நெனச்சு வீட்டுல கொஞ்சம் பயப்படறாங்க. ஒருவாட்டி பாத்துருங்க.”*

“எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார். மிக்ஸி சத்தம் மாறினாலே எனக்குப் போன் வந்துரும்.”

இருவரும் சிரித்தார்கள். பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. எங்கும் ஒழுகவில்லை. பிரேக் பேட் தேய்ந்திருந்தது, மாற்றினார். ஓட்டிப் பார்த்து ஓங்கி மிதித்தார். நின்றது.

வீட்டில் அமுதவல்லி போர்டிகோவிலேயே எஞ்சினைப் போட்டு, பெடலில் காலை வைத்தாள். இறங்கி வந்தாள். “போகுதுங்க.” சாவி மறுபடி ஃபிரிட்ஜ் மேல்.

இரண்டாவது முறை இஜாஸ் குழாய்களில் காற்று இருக்கும் என்று சொல்லி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார். ஓங்கி மிதித்தார். நின்றது. வீட்டில்: “போகுதுங்க.”

* அவள் சொன்னதைச் சுருக்கித்தான் சொன்னான். எழுதுகிறவனுக்குச் சுருக்குவது தொழில். இதில் என்ன தவறு என்று இந்த வரியை எழுதும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

4

இந்த இடத்தில் இஜாஸை ஒரு மேதையாக்கிவிட எனக்கு ஆசை. எஞ்சினில் காதை வைத்து, கண்ணை மூடி, “அதுதான்” என்று சொல்லும் மேதை. அவர் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை தப்பாகச் செய்துவிட்டு, டீயில் பிஸ்கட்டைத் தவறவிட்டு, விரலால் துழாவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை அமுதவல்லி வண்டியில் இருந்தாள். அவளைப் பஸ் ஸ்டாண்டில் விடப் போகும் வழியில்தான் செந்தமிழன் பட்டறையில் நிறுத்தினான்.

“இன்னும் அந்தப் பயம் போகல பாய்,” என்று ஆரம்பித்தான்.

“எப்ப சார் கீழ போகுது? ஓடறப்பயா, நிக்கறப்பயா?”

“அது வந்து… பொதுவா…”

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “நிக்கறப்பங்க. மெதுவா மிதிச்சுட்டே இருந்தா. டபக்குனு மிதிச்சா நிக்குமுங்க.”

இஜாஸ் டீயைக் கீழே வைத்தார். “இத ஏன் சார் நீங்க சொல்லவே இல்ல?”

செந்தமிழன் டிரைவர் சீட்டை விட்டு இறங்கினான்.

“அக்கா, வந்து உக்காருங்க. நீங்க எப்பவும் மிதிக்கிற மாதிரியே மிதிங்க.”

எஞ்சின் ஓடியது. அவள் காலை வைத்தாள். இஜாஸ் கதவோரம் குனிந்து பார்த்தார். பிறகு அவளைக் காலை எடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் பெடலை மெல்ல அழுத்தினார். கையால் யாரும் ஓங்கி மிதிக்க முடியாது அல்லவா? பெடல் கள்ளத்தனமாக, சத்தமே இல்லாமல், தரைவரை இறங்கியது.

கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளையில். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தது. ஓங்கி மிதித்தால் அழுத்தத்தில் அந்த ரப்பர் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; பிரேக் பிடிக்கும். மெதுவாக மிதித்தால் ஆயில் ரப்பரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே நழுவிவிடும். வெளியே சொட்டுக்கூட வராது. முரட்டுக் காலுக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, மென்மையான காலிடம் மட்டும் உண்மையைக் காட்டும் கோளாறு.

(இப்படி ஒரு வாக்கியம் எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். நமக்கே நம்மேல் மரியாதை வந்துவிடுகிறது.)

5

புது சிலிண்டர் போட்டு, மறுபடி ஏர் எடுத்தார்கள். செந்தமிழன் முதன்முறையாக மெதுவாக மிதித்துப் பார்த்தான். பெடல் பாதியில் நின்று, நின்ற இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினான். அவள் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

செந்தமிழனுக்கு – சரி, போதும், எனக்கு – ஒன்றும் புரியவில்லை. வண்டி சரியாகிவிட்டது. அவள் ஏன் இன்னும் பஸ்ஸில் போகிறாள்? புரியாதபோது நான் செய்வது ஒன்றே: எழுதுவது. இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) மறுநாள் அமுதவல்லி பயம் தெளிந்து சாவியை எடுத்தாள்.

ஆ) பிரேக் சரியானாலும் பயம் சரியாகவில்லை. பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

எது பொருத்தம் என்று வாசகர்களாகிய உங்களிடமே விட்டுவிடலாம் என்றிருந்தேன். கௌரவமான தப்பித்தல். ஆனால் நேற்று மாலை பண்ணையிலிருந்து திரும்பியவள், மேசையில் கிடந்த தாள்களை நின்றபடியே படித்தாள். முட்டை இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

“ரெண்டுல எது அம்மு?”

“ஏனுங்க, ரெண்டுலயும் நான் பயந்துட்டேதான் இருக்கறேன்?”

“பின்ன? வண்டியத் தொடவே மாட்டேங்கறயே. பயம் இல்லாம வேற என்ன? இன்னைக்காவது நேரா சொல்லு. நாளைக்கு ஓட்டுவியா, மாட்டியா?”

பாக்கலாங்க என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

“எனக்குப் பயமே இல்லீங்க. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. பெடலு கீழ போகுதுன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பட்டறைல பயம்னு சொன்னதும் நீங்க, இதுல பயம்னு எழுதுனதும் நீங்க. எனக்கு இருந்தது கோவமுங்க. உங்க மேல. இந்தப் பயத்த எல்லா எடத்துலயும் அடிச்சு உட்ருங்க, நாளைக்கு நான் ஓட்டறேன்.”