மிச்சம் எட்டு டிகிரி

பாறை இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தது.

அவள் படகின் உள்ளறையிலிருந்து தலையை நீட்டியதும் முதலில் வந்தது சத்தம்தான். அலை எதன் மீதோ மோதி உடைகிற சத்தம். வெளிறிக் கிடந்த மூட்டத்துக்குள் கறுப்பாக, ஈரமாக, லாரி நீளத்துக்கு அது நின்றுகொண்டிருந்தது. நூறு மீட்டர்கூட இருக்காது. அப்பா சுக்கான் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பாறை வந்தாச்சு," என்றார். "இன்னைக்கு என்ன இவ்ளோ பெருசா தெரியுது."

"அது எந்தப் பக்கம் இருக்கணும்ப்பா?"

"இடப்பக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னோம் என்று யோசித்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

ஆழம் காட்டும் கருவியில் இரண்டு புள்ளி ஒன்று. படகு மிதக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்று புள்ளி ஒன்பது ஆனது. எப்படி அவரைத் தள்ளினாள், எப்படி எஞ்சின் சாவியைத் திருகினாள் என்பதெல்லாம் பிற்பாடு நினைவில் இல்லை. பாய் பட்டென்று அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது நினைவிருக்கிறது. அது மணலா கல்லா என்று பார்க்க அவள் குனியவில்லை. வந்த வழியே படகைத் திருப்பி, கருவியில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று எண்கள் ஏறும்வரை மூச்சை விடவில்லை.

"நான் அறுபதுலதான் பிடிச்சேன்," என்றார் அப்பா. "சத்தியமா அறுபதுலதான் பிடிச்சேன்."

அவள் சுக்கான் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வழி காட்டும் மிதவையிலிருந்து பாறை வரை மூன்றே கிலோமீட்டர். திசைகாட்டியில் அறுபது டிகிரி பிடித்துப் போனால் பாறை ஒரு கிலோமீட்டர் இடப்பக்கமாகத் தள்ளி நிற்கும். இந்த வழியை அப்பா இருபது வருடமாகப் போய் வருகிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாரம் ஆறு நாள் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, ஏழாவது நாள் கூரையே இல்லாத இடம் வேண்டும் என்று இந்தப் படகை வாங்கினார்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது. பேச்சு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கால் ஒரு மாதத்தில். கொஞ்ச நாள் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார், அதுவும் நின்றுவிட்டது. இடது கையின் பிடி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. வருகிற கோடையில் சிநேகிதரோடு இரண்டு மாதம் கடலில் போகப் போவதாக அவர் சொன்னபோது அம்மா சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் வந்து நிபந்தனை சொன்னாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மகளோடு போய் வர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் படகு இருக்கும். இல்லையென்றால் அதை இரண்டு தடவை விலைக்குக் கேட்டுவிட்டுப் போன பல் டாக்டருக்கு விற்றுவிட வேண்டும்.

"உன்ன ஏன் அனுப்பறேன்னா உனக்குப் பொய் சொல்ல வராது," என்று அம்மா அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

அந்த நாள்தான் இன்று. மணி பதினொன்று.

அப்பா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்காலுக்கு நடுவே. "சொல்லித்தானே ஆகணும் நீ," என்றார்.

"ம்."

"சொல்லு. தப்பில்ல."

அவள் படகைக் கடல் பக்கமாக வெகுதூரம் வெளியே கொண்டுபோய், மறுபடி அறுபது பிடித்தாள். ஆழமான பக்கம். இங்கே எதுவும் மோதாது. பாதுகாப்புக்காக ஃபோனில் வரைபடத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஃபோன் செயற்கைக்கோளைக் கேட்டு, படகு நிஜமாக எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும். அது நாற்பத்தெட்டு என்றது.

திசைகாட்டியைப் பார்த்தாள். அறுபது. ஃபோன், நாற்பத்தெட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். ஐந்து நிமிடம் அசையாமல் பிடித்தாள். அறுபது. நாற்பத்தெட்டு.

"என்ன?" என்றார் அப்பா.

"திசைகாட்டி தப்பா காட்டுதுப்பா."

"என்ன சமாதானப்படுத்தாத. அது இருபது வருஷமா தப்பா காட்டினதில்ல."

"இன்னைக்குக் காட்டுது. பன்னிரண்டு டிகிரி."

இருபது வருடம் சரியாக இருந்தது இன்று ஏன் கெடும்? படகில் புதிதாக என்ன வந்தது? கேள்வி மனசில் முழுதாக உருவாகும் முன்பே பதில் தெரிந்துவிட்டது.

"இத பிடிங்க," என்று சுக்கானை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்கு இறங்கினாள்.

அப்பாவின் கைக்காகத்தான் அந்தக் கருவிகளை வாங்கினாள். சாதாரண ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருக அவரால் முடியாது. கடைக்கு மூன்று நாள் போனாள். எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி பொருந்த வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாமல், படகின் பன்னிரண்டு வோல்ட்டிலேயே சார்ஜ் ஆக வேண்டும். டிரில் ஒன்று, இறுகிப்போன போல்ட்டைத் தட்டித் தட்டிக் கழற்றுகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று, பாய்மரம் முறிந்து விழுந்தால் கம்பியை அறுத்துவிட ஒரு சின்ன கிரைண்டர். கிலோ கணக்கைப் பார்க்க வீட்டுத் தராசைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

"மாப்பிள்ளை பார்க்க வந்தப்போ இதுல பாதி கேள்வியாவது கேட்டியாடி?" என்று அப்பா கடையிலேயே கேட்டார்.

"அதனாலதான் அது நடக்கலப்பா."

"சார், பிரஷ் உள்ள மோட்டார்னா விலை குறைவு," என்றார் கடைக்காரர், அவரிடம்.

"சயின்டிஸ்ட்டக் கேளுங்க," என்றார் அப்பா.

கூச்சத்தில் கழுத்து சிவக்க அவள் சொன்னாள். பிரஷ் இல்லாத மோட்டார்தான் வேண்டும். பொறி பறக்காது, பேட்டரி நீடிக்கும், உள்ளே பலமான நிரந்தரக் காந்தம் சுழலும். கடைக்காரரே வாயைப் பிளந்தார். கடையில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசியது அன்றுதான்.

பலமான நிரந்தரக் காந்தம். தன் வாயால் சொன்னாள். சொல்லிவிட்டு, படகில் எந்த இடம் நனையாது என்று தேடிப் பார்த்து, கூரை விளிம்பை ஒட்டிய உயர்ந்த அலமாரியில் மூன்றையும் அடுக்கி, பெல்ட் போட்டுக் கட்டினாள். அந்தக் கூரைக்கு மேல்பக்கம், ஒரு சாண் தூரத்தில், திசைகாட்டி.

பெல்ட்டை அவிழ்த்தாள். "அப்பா, திசைகாட்டியையே பாருங்க. சுக்கான அசைக்காதீங்க." டிரில்லை எடுத்து அறையின் முனைக்கு நடந்தாள். இம்பாக்ட் டிரைவர். கிரைண்டர். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. முதலில் "அய்யய்யோ." அப்புறம் "சுத்துது, சுத்துது." கடைசியில் குரலே வரவில்லை. அவள் மேலே வந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"என் மூளையச் சந்தேகப்பட்டியேடி," என்றார். "ஒரு டிரில்லச் சந்தேகப்படத் தோணலையே உனக்கு."

"மன்னிச்சிருங்கப்பா."

"பெத்த அப்பனக் காந்தம் வெச்சுக் கொல்லப் பார்த்திருக்க. எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க இத?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், மூக்கில் நீர் வழிய வந்தது. அவர் அதற்குள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார். பாறையைச் சொன்னார். அம்மா கத்தியது கடல் காற்றையும் மீறிக் கேட்டது. பிறகு டிரில்லைச் சொன்னார். அம்மா சிரித்தாள். ஆறு மாதமாக அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை.

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? உன் பொண்ணுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்."

அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். பாய் நிறைந்திருந்தது. வெயில் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். சும்மா இருக்க முடியாமல் ஃபோனில் காலையில் வந்த தடத்தை எடுத்து, மிதவையிலிருந்து பாறை வரை கோணத்தை அளந்தாள். அப்பாவிடம் எவ்வளவு தப்பு என்று கணக்காகச் சொன்னால் இன்னும் நாலு கிண்டல் கிடைக்கும்.

தடம் நாற்பதில் வந்திருந்தது.

அறுபதுக்கும் நாற்பதுக்கும் இருபது. டிரில் செய்தது பன்னிரண்டு. மிச்சம் எட்டு.

காற்று தள்ளியிருக்கும், என்று நினைத்தாள். வலப்பக்கக் காற்று படகை இடப்பக்கம் தள்ளத்தானே செய்யும். பிஸ்கட்டைக் கடித்தாள். மெல்ல முடியவில்லை. அதே காற்றில்தான் அவளும் ஓட்டினாள். அதே பாய், அதே தண்ணீர், அதே டிரில். அவள் அறுபது பிடித்தபோது ஃபோன் நாற்பத்தெட்டு காட்டியது. பன்னிரண்டு, சரியாகப் பன்னிரண்டு. காற்றுக்கென்று ஒரு டிகிரிகூட இல்லை.

மெதுவாக நிமிர்ந்தாள். அப்பா திசைகாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கூர்மையாக, நெற்றி சுருங்கி, வேலையில் இருக்கும் மனிதனின் முகம்.

"எவ்ளோ பிடிக்கறீங்கப்பா?"

"அறுபது. வேற எவ்ளோ?"

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்குள் நடுவில் நிற்கும் சிவப்புக் கோடு. அதற்கு நேராக இருந்தது ஐம்பத்திரண்டு.

வெயில் முதுகில் சுட்டது.

"அப்பா, கோட்ட விரல் வெச்சுக் காட்டுங்க."

"என்னடி இது, பரீட்சையா?"

"காட்டுங்களேன்."

அவர் விரல் தயங்கவேயில்லை. அறுபது என்ற எண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. "இதோ கோடு. இதோ அறுபது."

அங்கே கோடு இல்லை. கோடு விரலுக்கு இடப்பக்கம், ஒரு நகத்தின் அகலம் தள்ளி, சிவப்பாக, எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. கதவு நிலையில் அவர் இடித்துக்கொண்ட தோளும் இடப்பக்கம்தான்.

அவள் அவர் விரலைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினாள். விரலின் பின்னாலேயே அவர் தலையும் வந்தது. கோட்டைப் பார்த்தார். வலப்பக்கம் விரல் முன்பு இருந்த இடத்தைப் பார்த்தார். திரும்பக் கோட்டைப் பார்த்தார்.

"இது இங்கதான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"காலையில இருந்தா?"

"காலையில இருந்தே."

பாய் ஒரு தடவை தளர்ந்து மீண்டும் நிறைந்தது. அவர் சுக்கான் கட்டையை அவளிடம் கொடுக்கவில்லை. கையை மட்டும் எடுத்துவிட்டார். கட்டை தானாக ஆடத் தொடங்கியதும் அவள் பிடித்தாள்.

"டிரில்லுனு சொன்னியே."

"டிரில் பன்னிரண்டுப்பா. இது எட்டு."

"எட்டு மட்டும் இருந்திருந்தா? பாறைகிட்ட போயிருப்போமா?"

மனசுக்குள் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. "இல்ல. அறுநூறு மீட்டர் தள்ளிப் போயிருப்போம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாம் நல்லா இருக்குனு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"நானும் கோடையில கிளம்பியிருப்பேன். ரெண்டு மாசம்." அவர் இதைத் தனக்கே சொல்லிப் பார்த்தார். கையை இன்னொரு தடவை கண்ணாடிப் பக்கம் நீட்டினார், இந்த முறை அவள் உதவி இல்லாமல் கோட்டைத் தொட்டுவிட. விரல் மறுபடி வலப்பக்கமே இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஆறுதலாக ஒரு பொய் சொல்ல அவள் இரண்டு தடவை வாயெடுத்து, விட்டுவிட்டாள். பொய் சொல்ல வராது என்பது எப்போதும் நல்ல குணமாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"நான் பேசறேன்ப்பா."

"வேண்டாம். நான்தானே சிரிக்க வெச்சேன் அவள."

இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள். குரலில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "இப்போ என்ன? ரம்பமும் ஏதாவது பண்ணிடுச்சா?"

"இல்ல," என்றார் அப்பா. "அந்தப் பல் டாக்டர் நம்பர் வெச்சிருக்கியா நீ?"

மறுமுனையில் எதுவோ, பாத்திரமோ டம்ளரோ, கீழே வைக்கப்பட்டது. அம்மா ஆறு மாதமாக எதிர்பார்த்த வார்த்தை அது. ஆனால் அவள் குரல் குழந்தையின் குரல் போலச் சிறுத்து வந்தது.

"ஏங்க? இப்போதானே ஒண்ணும் இல்லைனு சொன்னீங்க?"

அவர் ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"அவகிட்ட குடுங்க ஃபோன."

அப்பா மகளைப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்கு நேராகத் துறைமுகத்தின் எண்ணைக் கொண்டுவந்து நிறுத்த அவள் சுக்கானைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"குடுக்க முடியாது," என்றார். "அவ ஓட்டிட்டு இருக்கா."